ஆறிய தழும்பும் ஆறாத வலியும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபடும்போது, காலிலிருந்தோ மார்பின் உட்சுவரிலிருந்தோ எடுத்த இரத்தக்குழாயைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் அறுவையை மருத்துவரும் மக்களும் பைபாஸ் என்றே வழங்குகின்றனர். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ கால் சிரையைக் கொண்டு நெறிப்படுத்திய இம்முறையை, இந்தியாவில் முதன்முதலாக 1975இல் டாக்டர் கே. எம். செரியன் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்துகாட்டினார். இன்று ஈரோடு, திருப்பூர், கரூர், நீலகிரி மாவட்டத்தார் இதற்காகக் கோயம்புத்தூரை நாடி வருகின்றனர். அவர்களில் பலர் நலமடைந்து தோட்டத்துக்கும் தறிக்கும் கடைக்கும் திரும்பிவிட, ஒரு சாராருக்கு அடைப்பு நீங்கிய பிறகும் நெஞ்சில் வலி தங்கிவிடுகிறது. நோய் தீர்ந்தும் தீராத இந்த வலியை எவ்வாறு பொருள்கொள்வது என்னும் வினா, மருத்துவத்தில் தொடங்கி வினைக்கொள்கையில் போய் நிற்கிறது.

முதற்கண் வலியின் இயல்பை அறிதல் வேண்டும். அறுவையின்போது மார்பெலும்பு மேலிருந்து கீழாக நெடுக அறுக்கப்பட்டு, பின்னர் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டப்படுகிறது. எலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. மார்பின் உட்சுவர்த் தமனியைப் பிரித்தெடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் இழுபடவோ அறுபடவோ நேரலாம். அவ்வாறு ஊறுபட்ட நரம்பு எலும்பு கூடிய பிறகும் மூளைக்கு வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பதால், தழும்பின் இடப்பக்கம் ஓரிடம் மரத்துப்போயிருக்க, அதை ஒட்டிய இடம் எரியும். சட்டைத்துணி உரசினாலே கூசும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள நேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் நாட்களில் ‘சுருக்குச் சுருக்குனு குத்துதுங்க’ என்பர். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியை, அறுவைக்குப் பிந்தைய நாட்பட்ட வலி என மருத்துவம் தனியே வகைப்படுத்துகிறது. நடக்கும்போதோ படியேறும்போதோ தோன்றிக் கைக்கும் தாடைக்கும் பரவும் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இதனின் வேறானவை. அவை இதயத்தின் எச்சரிக்கையாதலால் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். காய்ச்சலோ, தழும்பில் சீழோ, அசையும்போது எலும்பு ‘டக்’ என்று ஒலிப்பதோ இருந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

இவ்வளவு தெளிந்த காரணம் இருந்தும், பார்க்க வரும் உறவினர் ‘எந்த ஜென்மத்துப் பாவமோ, அனுபவிச்சுத்தானுங்க தீரோணும்’ என்று சொல்லிப் போவதும், நோயாளி இரவெல்லாம் அச்சொல்லை எண்ணிப் புரள்வதும் வழக்கமாகவே உள்ளன. இக்கூற்றுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. பல பிறவிகளில் ஈட்டிக் குவித்த வினைத்தொகுதியைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பங்கைப் பிராரத்தம் என்றும், அதை நுகரும்போதே புதிதாக ஏறும் வினையை ஆகாமியம் என்றும் சைவ சித்தாந்தம் பகுக்கிறது. உடலைப் பற்றும் நோய் பிராரத்தம் என்பது அதன் முடிபு. ஆயினும் இதிலிருந்து, இன்ன பாவத்துக்கு இன்ன வலி எனப் பிறர் கணக்குச் சொல்லிவிடலாம் என்பதும், விதியென்று ஆன பின் மருந்து தேடுவது வீண் என்பதும் பெறப்படா. இவ்விரண்டையும் மறுக்கும் சான்றுகள் திருமுறைகளிலேயே உள்ளன.

ஏழாம் நூற்றாண்டில் சூலைநோயால் வருந்திய திருநாவுக்கரசர், திருவதிகையில் பாடிய நான்காம் திருமுறையின் முதற் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகள் எவை என்று தமக்குத் தெரியவில்லை என்றே முறையிடுகிறார். வலியைச் சுமந்த அருளாளருக்கே புலப்படாத கணக்கை, கட்டிலருகே ஆப்பிள் பையோடு வந்து அமர்பவர் அறிவது எங்ஙனம்?

இரண்டாம் சான்று கொங்கு மண்ணுக்கே உரியது. கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது எனப் பெரியபுராணம் உரைக்கிறது. அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினைக்கு வினையே காரணம் என்று பேசிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாமல் வாளாவிருப்பது குறையன்றோ என்று கேட்டே தொடங்குகிறது. வினைக்கொள்கையை அது விலக்கவில்லை. அக்கொள்கையைச் சாக்காக்கிச் செயலற்றிருப்பதைக் கண்டிக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள் ஆள்வினையுடைமைக்கும் மருந்துக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்ததும் இந்த நோக்கினதே. ஆகவே நரம்பு வலிக்குரிய மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் நாடுவோர் விதியோடு மல்லுக்கு நிற்பவர் அல்லர். சம்பந்தர் வற்புறுத்திய நெறியிலேயே நிற்பவர் ஆவர்.

எனினும் ஒரு தடை எஞ்சுகிறது. நாவுக்கரசரின் சூலை தீர்ந்தது, அடியார்களின் சுரமும் அகன்றது; மருந்தும் வழிபாடும் இருந்தும் வலி தணியாதவருக்கு இந்நூல்கள் தருவது யாது? உயிர் எதனோடு சேர்கிறதோ அதன் தன்மையையே தன் தன்மையாகக் கொள்ளும் என்பதைச் சார்ந்ததன் வண்ணமாதல் எனச் சித்தாந்தம் வழங்கும். அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு தனதாகக் காட்டுவதை அதற்கு உவமையாகக் கூறும். நாள் முழுதும் வலியையே எண்ணிக் கிடக்கும் உயிர் வலியின் நிறமாகிறது. பேரனின் பாடத்திலோ, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதிலோ, பேரூர்ப் பட்டீசர் சன்னிதியிலோ பொருந்தும் உயிர் அவ்வவற்றின் நிறம் கொள்கிறது. பிராரத்தமாகிய வலி மனிதர் கையில் இல்லாதிருக்கலாம். அதை நுகரும்போது வெறுப்பையும் தன்னைத்தானே இகழ்வதையும் சேர்த்து ஆகாமியமாக்குவதைத் தவிர்ப்பது பெரிதும் அவர் கையில் உள்ளது.

இதையும் பிறர் ஒரு கட்டளையாக்கி, வலிக்கிறது என்று சொல்வதே பக்திக் குறைவு என நோயாளியின் வாயை அடைத்துவிடலாகாது; நாவுக்கரசரே வலியைச் சொல்லித்தான் பாடினார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தமையால், பேணுபவரின் பங்கு மற்ற மூன்றுக்கும் இளைத்ததன்று. வீட்டில் பைபாஸ் ஆனவர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு அமர்ந்திருந்தால், அவர் பாவத்தை ஆராயாமல், எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்று கேட்டறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவும் அறமும் ஆகும்.