பின்னோக்கிச் சறுக்குகிறவன்

சம்பவம் மிகச் சிறியது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். 2022 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், கனடாவில் ஸ்காபுறோவிலிருக்கும் என் மகள் வீட்டில் நான் தங்கியிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், பதினொரு வயதுப் பேரன் ஐஸ் ஹொக்கி ஆடுவதைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டத்தின் இடைவேளையில், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேர்வையோடு நின்ற அவனை நோக்கி, பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மாருக்குக் கேட்கத்தக்கதாக, "என்ன ராசா, எந்த நேரமும் பின்னாலை பின்னாலை போறாய்? பயமே? முன்னுக்குப் போய் அடியன்!" என்று சொல்லிவிட்டேன். அவன் கோபிக்கவில்லை, முகம் வாடவுமில்லை. "அது என்ர வேலை, அம்மப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான்.

ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்து வெகுகாலமாகியும் அந்தப் பதில் என்னை விட்டபாடில்லை. பிள்ளை சொன்ன பதிலில் குற்றமில்லை. ஆசிரியராக முப்பது வருஷம் கழித்த ஒருவன், நாலு பேர் முன்னிலையில் ஒரு குழந்தையைப் பார்த்து 'பயமே?' என்று கேட்டதிலேதான் குற்றமெல்லாம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னை உறுத்துவது அது மாத்திரமன்று. அந்தப் பனித்தரையில் அவனுடைய கால்கள் விட்டுச் சென்ற அடையாளங்கள்தாம் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமுமான அந்தப் பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் இறங்குகிறார்கள்: மூவர் முன்னேறி அடிப்பவர், ஒருவர் வலையைக் காப்பவர், மிகுதி இருவர் தடுப்பாட்டக்காரர். எதிரணி வீரன் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு பாய்ந்து வரும்போது, தடுப்பாட்டக்காரன் அவனுக்கு முதுகைக் காட்டி ஓடலாகாது. நின்ற இடத்தில் நிற்கவும் கூடாது, நின்றால் வருகிறவன் விலகிக் கடந்துவிடுவான். ஆகவே, வருகிறவனுடைய முகத்தையும் மார்பையும் பார்த்தபடியே, அவன் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சமமாக்கிக்கொண்டு, தான் காக்க வேண்டிய வலை எங்கே இருக்கிறது என்பதைத் திரும்பிப் பாராமலே அறிந்தவனாய், அவன் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். அப்படிச் சறுக்கும்போது காலிலுள்ள இரும்பு அலகு ஒவ்வொரு தள்ளுதலுக்கும் பனியில் ஒரு பிறையை வரைகிறது. இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்றாக அந்தப் பிறைகள் வரிசையாய்க் கிடந்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து நான் பார்த்தேன். சற்று நேரத்தில் ஒரு வண்டி வந்து, பனியின் மேற்பரப்பைச் சுரண்டித் தண்ணீர் வார்த்து, யாவற்றையும் மெழுகியதுபோல் ஆக்கிவிட்டுப் போயிற்று.

அதே மாதத்தில் ஓரிரவு என் மருமகன் தொலைக்காட்சியில் ஒரு காட்சியைக் காண்பித்தார். ரொறன்ரோவின் பெரிய அரங்கில், பேச்சை முற்றாக இழந்த ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்க, அவருடைய பழைய தோழர் டரில் சிற்லர் பக்கத்தில் நின்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். பல்லாயிரம் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அவர்தாம் போர்யே சால்மிங். சுவீடன் தேசத்தின் வடகோடியில், கீருனா என்னும் இரும்புச் சுரங்க நகரைச் சார்ந்த ஒரு சிற்றூரில் 1951 இல் பிறந்து, ஐந்து வயதில் சுரங்க விபத்தொன்றில் தந்தையைப் பறிகொடுத்து, தந்தைவழியில் சாமி என்னும் பூர்வகுடிகளின் இரத்தத்தையும் உடையவராய், 1973 இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆட வந்த தடுப்பாட்டக்காரர். அக்காலத்தில் சுவீடன்காரர்களை வட அமெரிக்க ஆட்டக்காரர்கள் கோழிகள் என்று பரிகாசம் செய்தார்களாம். அடிக்குப் பயந்தவர்கள் என்பது அதன் பொருள். மருமகன் இதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பரிகாசத்தைத்தானே நானும் செய்தேன்?

சால்மிங் வாயால் பதில் சொல்லவில்லை. அந்த அணிக்குப் பதினாறு பருவங்கள் ஆடினார். 1976 இல் கனடாக் கிண்ணப் போட்டியில் அவர் தம் சொந்த நாட்டுக்காக ரொறன்ரோ அரங்கில் இறங்கியபோது, ஊரார் எழுந்து நின்று தங்கள் ஆளை வரவேற்பதுபோல் வரவேற்றார்கள். மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக அவர் அடித்த கோல்கள் 148. மற்றவன் கோலடிக்க வட்டை எடுத்துக் கொடுத்தது 620 தடவை. அந்த அணியில் அவருக்கு முன்னும் பின்னும் எவரும் அத்தனை தடவை கொடுத்ததில்லை. 1986 இல், வலைக்கு முன்னால் விழுந்து கிடந்த அவருடைய முகத்தில் எதிரணி வீரனொருவனின் சறுக்கு அலகு ஏறிவிட, 200 தையல்களுக்கு மேல் போட வேண்டியிருந்தது. 1996 இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. "ஆனா உந்த மனிசனுக்கு ஒரு ஸ்ரான்லி கிண்ணமும் கிடைக்கேல்லை, மாமா" என்றார் மருமகன், தம் சொந்தத் தமையனைப் பற்றிச் சொல்வது போல. நாங்கள் அந்தக் காட்சியைப் பார்த்த அதே மாதம் 24 ஆந் திகதி, தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் ஒரு நோயினால் அவர் இறந்தார்.

கணக்கெழுதுகிறவர்களால் 148 ஐயும் 620 ஐயும் எழுத முடிகிறது. அவர் பின்னோக்கிச் சறுக்கி வந்து விழாமல் தடுத்த கோல்களை எந்த ஏட்டில் எழுதுவது? நடவாத காரியத்துக்கு எண்ணிக்கை ஏது?

சிறு பிராயத்தில் நாங்கள் ஆடிய கிளித்தட்டு ஞாபகத்துக்கு வருகிறது. கோடுகளைக் கீறி, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவனை நிறுத்திவிட்டால், அவன் அந்தக் கோட்டை விட்டு இறங்காமல் இடமும் வலமுமாக ஓடி மறிக்க வேண்டும். மறிக்கும் முறை எங்கள் கட்சிக்கு வந்தபோதெல்லாம் நாங்கள் முகத்தைச் சுளிப்போம். கோடுகளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து 'பழம்' என்று கூவுகிறவனுக்குத்தான் ஆட்டம், மறிக்கிறவனுக்குக் கால்வலி. வெற்றிகரமாய் மறித்த எவனுடைய பெயரும் எனக்கு இப்போது நினைவில்லை. ஓடித் தப்பியவர்களுடைய பெயர்களோ, அவர்கள் சிரித்த சிரிப்போடு நினைவிலிருக்கின்றன.

மறதி என்னைச் சார்ந்ததா, மனித இயல்பைச் சார்ந்ததா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், எங்கள் வளவுக்கு அயலில் தும்புக் கயிறு திரித்த ஒரு முதியவரும் வந்து நிற்கிறார். அவருடைய மகன் இராட்டினத்தைச் சுழற்ற, அவர் மடியில் கட்டியிருந்த தும்பை விரல்களால் இழைத்து விட்டுக்கொண்டே, இராட்டினத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். பின்னால் ஒரு முருங்கை மரம். அதில் முதுகு முட்டுமுன் சரியாக நிற்பார். அவர் பின்னே போகப் போகக் கயிறு முன்னே வளர்ந்தது. சிறுவனாகிய நான் அவருடைய முதுகு எப்போது முட்டும் என்று காத்திருந்தேனேயன்றி, கயிற்றைப் பார்த்தேனில்லை.

தமிழில் நமக்குப் பின்வாங்குதல் என்பது ஒரு வசைச்சொல். வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண் ஏற்பட, அந்த நாணத்தினால் அவன் வடக்கிருந்து உயிர்விட்டான் என்று புறநானூற்றிலே படித்திருக்கிறோம். மார்பிலே பாய்ந்த வேல் ஊடுருவி முதுகில் வெளிப்பட்டதே அந்தப் புண் என்றும் எங்கோ வாசித்த ஞாபகம். அப்படியானால் அவன் புறங்காட்டவேயில்லை. வேல்தான் அவன் சம்மதமின்றிப் புறத்தைக் காட்டிவிட்டது. ஆயினும் அவன் நாணினான். அந்த நாணத்தை வகுப்பிலே மெய்சிலிர்க்க வருஷந்தோறும் படிப்பித்த நான், பின்னோக்கிப் போவதற்கும் புறங்காட்டுவதற்கும் இடையே வித்தியாசம் உண்டோ என்று ஒரு மாணாக்கனையும் கேட்டதில்லை. சால்மிங்கின் புண் முகத்தில் இருந்தது. அவர் தம் ஆயுளில் பெரும்பகுதியைப் பின்னோக்கிச் சறுக்கியே கழித்தார். இந்த இரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதற்கு நம் பழைய நூல்களில் ஒரு சொல் இருக்கும், எனக்குத்தான் அகப்படவில்லை.

இதிலே ஒரு பரிகாசம் என்னவென்றால், என் ஊரின் பெயருக்குள்ளேயே காவல் இருக்கிறது. ஊராத்துறை என்று வாயால் சொன்னாலும், எழுதும்போது ஊர்காவற்றுறை என்றுதான் எழுதுகிறோம். துறையிலே நின்று பார்த்தால், காரைநகருக்கும் நமக்கும் நடுவே கடற்கோட்டை தெரியும். 1658 இல் ஒல்லாந்தர் வந்து முற்றுகையிட்டபோது அங்கிருந்த பறங்கியர் மதிலிடிந்து தோற்கவில்லை. குடிக்கத் தண்ணீரில்லாமல் கோட்டையைக் கொடுத்தார்கள். சுற்றிலும் கடல், உள்ளே தாகம்! அந்த முற்றுகைக் காலத்தில் மதில்மேல் நின்ற காவற்காரன் எவனையும் எந்தச் சரித்திரக்காரனும் எழுதி வைக்கவில்லை. கோட்டையைக் கொடுத்த வருஷம் மாத்திரம் மாணவர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் நான் இவ்வளவு சுற்றிச் சுற்றி வருவது வேறொரு காரணத்தினால் என்பதை இனியும் மறைப்பது முறையன்று. 1990 ஆவணியில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் புகுந்த நாட்களில், மனைவியையும் ஏழு வயது மகளையும் என் தாயாரையும் வள்ளமொன்றில் ஏற்றிக்கொண்டு நானும் ஊரை விட்டுப் போனேன். போகாதிருந்தவர்கள் சிலர். அவர்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பின்னர் மகள் கனடா போனாள். பேரன் அங்கே பிறந்தான். காக்க வேண்டியதைக் காத்துக்கொண்டு, வருகிறதை முகத்துக்கு நேரே பார்த்தபடி பின்னோக்கிப் போனேனா, அல்லது வெறுமனே முதுகைக் காட்டி ஓடினேனா என்ற கேள்வியை, அந்த முப்பத்திரண்டு வருஷங்களில் நான் ஒரு தடவையாவது கேட்டதில்லை. பனியிலே பிறைகளைக் கண்ட பிற்பாடுதான் கேட்கிறேன்.

அந்த வள்ளத்தில் நான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்பது எவ்வளவு முயன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. தாயாரின் பெட்டகச் சாவி என் மடியிலிருந்தது நினைவிருக்கிறது. வள்ளத்தின் அடியில் ஊறிய தண்ணீரை யாரோ சிரட்டையால் இறைத்தது நினைவிருக்கிறது. துறையைப் பார்த்தேனா, போகும் கரையைப் பார்த்தேனா? தாயாரும் மனைவியும் இப்போது இல்லை. சென்ற மாதம் தொலைபேசியில் மகளிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எனக்குத் தண்ணி விடாய்ச்சது மட்டும்தான் ஞாபகம், அப்பா" என்றாள்.

பார்த்த திசை ஒன்றினாலேயே அந்தப் பிரயாணத்தின் தன்மையைத் தீர்மானித்துவிட முடியுமா என்பதும் எனக்குச் சந்தேகந்தான். முகம் துறைப்பக்கம் இருந்திருந்தாலும் மனம் ஓடியிருக்கலாம். முதுகு துறைப்பக்கம் இருந்திருந்தாலும், அந்த முதுகுக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நியாயத்தையும் நானே பேசிக்கொள்கிறேன்; தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

பேரன் இன்னமும் தடுப்பாட்டக்காரனாகவே ஆடுகிறான். அவனிடம் அன்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்துத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியை எடுக்கிறேன். எதற்காக என்று அவன் திருப்பிக் கேட்டால் விளங்கப்படுத்த எனக்குத் தெரியாதபடியால், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.