ஒரே வீட்டில் இரண்டு பள்ளிக்கூடம்

சித்தூரில் மாங்காயும் பள்ளிக்கூடமும் ஒரே சமயத்தில்தான் வரும். ஜூன் இரண்டாவது வாரம் பள்ளி திறக்கும்போது, தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் ஜூஸ் ஃபாக்டரி வாசல்களில் வரிசைகட்டி நிற்கும். காய்க்கான பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி மட்டும் எல்லா வீட்டிலும் தெரியும். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் மாங்காய் லோடு அடிக்கிறவர். சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வைத்திருக்கிறார், தவணை இன்னும் முடியவில்லை. மகள் ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலில் பத்தாவது. மகன், வேன் வந்து கூட்டிப்போகும் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாவது. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. இரண்டு பேரையும் ஃபீஸ் கட்டிப் படிக்கவைக்க முடியாத வீட்டில் ஒருவரைப் போடுவார்கள். பெரும்பாலும் அது பையனாக இருக்கும்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பையனின் டைரியில் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குப் பேச்சு தமிழ், தெலுங்கு எழுத்துக்கூட்டத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. மகள் டைரியை வாங்கி மனசுக்குள் படித்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, தம்பிகிட்ட வீட்ல இங்கிலீஷ்லதான் பேசணுமாம்.”

“யாரு பேசறது?”

“நான் பேசறேன்.”

சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அம்மா போட்டார். நடந்தது அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. தண்ணீர் பிடித்து வைக்கிறேன் என்பது போலத்தான் சொன்னாள். அந்த ‘நான் பேசறேன்’தான் மாதக்கணக்காக என்னை விடமாட்டேன் என்கிறது.

அவளுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? ஆந்திர அரசுப் பள்ளிகளின் பாடப்புத்தகங்கள் சில வருடங்களாக இரட்டை மொழியில் அச்சாகின்றன: ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கத்தில் அதே பாடம் தெலுங்கில். வீட்டில் தமிழ் பேசுகிற இந்தப் பெண் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஆங்கிலத்தைப் பிடித்திருக்கிறாள். ஃபீஸ் தம்பிக்குக் கட்டுகிறார்கள். அந்த ஃபீஸுக்கு உரிய ஆங்கிலத்தை வீட்டில் பேசிக் கொடுக்கும் வேலை, ஃபீஸ் கட்டப்படாத அக்காவுக்கு.

நாளைக்கு அந்தப் பையன் நன்றாக வந்தால், ‘நல்ல ஸ்கூல்ல போட்டோம், முன்னுக்கு வந்தான்’ என்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையா என்பதுதான் என் கேள்வி.

சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இந்தக் கேள்விக்கு ஊரே ஒரே பதிலை ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறது. தனியார் பள்ளி பேனர்களில் ரேங்க் எண்களும் பிள்ளைகளின் முகங்களும் வழிநெடுக வரும். அந்த முகங்களுக்குப் பின்னால் எந்த அக்கா இருந்தாள், எந்த அப்பா எதை அடகு வைத்தார் என்று எந்த பேனரிலும் இருக்காது. அந்த வழியில் இருக்கும் சந்திரகிரியின் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்தான் சந்திரபாபு நாயுடு. அதைச் சொன்னால், “அது அந்தக் காலம் சார்” என்கிறார்கள். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில்.

இன்னும் பின்னால் போனால் ‘தனியார்’ என்பதே வேறு பொருளாக இருக்கிறது. செப்டம்பர் 5 அன்று நாம் கொண்டாடும் சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர். 1896-இல் திருப்பதிக்கு வந்து லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பிறகு வாலாஜாபேட்டை, வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி. பெரும்பாலும் உதவித்தொகையிலேயே படித்து மேலே போனார். திருச்சானூரில் பிறந்து மக்களவைத் தலைவரான அனந்தசயனம் அய்யங்கார் படித்தது திருப்பதி தேவஸ்தானம் உயர்நிலைப் பள்ளியில். ஒன்று மிஷன் நடத்தியது, இன்னொன்று கோயில் பணத்தில் நடந்தது. இரண்டுமே சர்க்கார் பள்ளி இல்லை. அதற்காக, காசு உள்ளவன் பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து உட்காரவைக்க எழுந்த பள்ளிகளும் இல்லை. தனியார் பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் என்று இவர்களைக் கணக்கில் எழுதினால், இன்றைய கேள்விக்கு அது பதிலாகுமா? எனக்குத் தோன்றவில்லை.

மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் உருவான விடுதிப் பள்ளி அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அதே வளாகத்தின் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டார ஊர்களில் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்தியது. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து, அவரவர் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு படிக்கவைக்கும் முறையை அங்கேதான் வளர்த்தெடுத்தார்கள். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு விதை அங்கிருந்து வந்ததுதான். நல்லது எந்தச் சுவருக்குள் பிறந்தாலும் வெளியே வர முடியும் என்பதற்கு எங்கள் பழைய சித்தூர் மாவட்டமே சாட்சி. ஆனால் அப்படி வெளியே வருவது அபூர்வம்.

எப்போதோ படித்த ஓர் ஆய்வு, அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பிரிக்கப்படாத ஆந்திராவின் 180 கிராமங்களில் செய்தது, 2015-இல் வெளியானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுத்து அனுப்பினார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் வென்ற பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் நன்றாக முன்னே இருந்தார்கள். அரசுப் பள்ளியின் அந்த வகுப்புகளில் இந்தியே கிடையாது. அதே நேரத்தில், ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளி செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் தனியார் பள்ளிகள் இதைச் செய்துமுடித்தன. ஆகவே அந்த ஆய்வை இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பியாண்டாவும் அன்சாரியும் ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து 15 வயது வரை தொடர்ந்து பார்த்து 2018-இல் எழுதினார்கள்: குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கில் எடுத்தவுடன் தனியார் பள்ளியின் மேன்மை காணாமல் போய்விடுகிறது என்று.

இதையெல்லாம் படித்தபோது, விஷயம் தீர்ந்தது, எல்லாம் வீட்டின் கையில் என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதியைத்தான் ‘நான் பேசறேன்’ கெடுத்துவிட்டது. இங்கே வீடு ஒன்றுதானே? ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வருமானம். பள்ளி மட்டும் வேறு. இன்னொன்றும் உறைத்தது. அந்த 180 கிராமத்தில் பெயரை எடுத்தது குலுக்கல். சீட்டு வராத பிள்ளைக்கு அது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். தெருக்கோடி வீட்டில் சீட்டு எடுத்தது அப்பா. தான் எடுக்கப்படவில்லை என்பதிலிருந்து ஒரு பெண் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருகிறாள்? பரீட்சைத் தாளில் அது தெரியாது.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எழுபதுகளில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. என்னை மாதச் சம்பளம் கட்டுகிற ஒரு பள்ளியில் போட்டார்கள். அக்கா முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியம். தமிழ்ப் புத்தகம் கைக்கு வர ஆடி தாண்டிவிடும். அதுவரை வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான் பாடம். சாயங்காலம் அம்மா சமையலில் இருக்க, என் வாய்ப்பாட்டை ஒப்பிக்கக் கேட்டது அக்கா. என் கணக்கு நோட்டில் தப்புகளுக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, நான் திருத்தியதும் ரப்பரால் அழித்துவிடுவாள். வாத்தியார் கண்ணில் படக்கூடாதாம். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது. நான் பி.காம். முடித்து வங்கி வேலைக்குப் போனேன்.

தெருக்கோடி வீட்டுக் கதையை அக்காவிடம் சொன்னேன். இப்போது நகரியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது போல இருக்கு. எனக்கெல்லாம் படிப்பு ஏறலடா” என்றாள். என் நோட்டில் ஒரு கூட்டல் பிழையைக்கூடத் தப்பவிடாதவள் சொல்கிறாள், படிப்பு ஏறவில்லை என்று. அவளுக்குப் படிப்பு ஏறுமா என்று யாரும் பார்த்ததே இல்லை. பார்க்காமல் விட்டதைத் தன் தலையெழுத்தாக இல்லை, தன் மூளையின் அளவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள், இத்தனை வருடமாக. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் முன்னுக்கு வந்ததற்கு அந்தப் பள்ளி காரணமா, அக்கா காரணமா, இல்லை இந்தப் பிள்ளை படிப்பான் என்று அப்பா சின்ன வயதிலேயே என்னைப் பற்றி முடிவுசெய்துவிட்டது காரணமா? பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரியும் தெரிகிறது. இங்கிலாந்தில் கட்டணப் பள்ளியில் படித்தவர்கள் மக்கள்தொகையில் 7 சதவீதம்தான். உயர் நீதிபதிகளில் அவர்கள் 65 சதவீதம் என்று 2019-இல் ஓர் அறிக்கை சொன்னது. அது வாய்ப்பாட்டினால் வந்திருக்காது. யார் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தோம், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம், கூச்சமில்லாமல் எந்தக் கதவைத் தட்டினோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லோடு வண்டிக்காரர் மகன் போகும் தெருமுனைத் தனியார் பள்ளியில் அந்தப் பழக்கமும் கிடைக்காது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இன்னொரு லோடு வண்டிக்காரரின் மகன்.

இதற்கு எதிர்ப்பக்கம், அரசுப் பள்ளியில் படித்ததையே ஒரு தகுதியாக்குகிற முயற்சிகளும் நடக்கின்றன. சித்தூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் வேலூர். தமிழ்நாட்டில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. இங்கே வேறொன்று இருக்கிறது. பத்தாவது மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கும் ராஜீவ் காந்தி பல்கலைக்கழகத்தின் ட்ரிபுள் ஐடி வளாகங்கள். விடுதியோடு ஆறு வருடப் படிப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 4 சதவீதம் கூடுதல் மதிப்பு கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். கடப்பா பக்கத்து இடுபுலபாயாவில் ஒரு வளாகம். அங்கே இடம் கிடைத்தால், ஃபீஸ் கட்டாமல் படித்த பத்து வருடம் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் அதற்குள் ஒரு தனியார் இன்டர் (ப்ளஸ் டூ) காலேஜிலிருந்து ஆள் வந்து போயிருக்கிறார். அவளுடைய ப்ரீ-ஃபைனல் மதிப்பெண்ணை எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஃபீஸில் முக்கால்வாசி தள்ளுபடி, மீதியும் ஹாஸ்டல் கட்டணமும் கட்டினால் போதும் என்றாராம். இத்தனை நாள் யாரும் காசு செலவழித்துப் படிக்கவைக்காத பெண்ணின் முகம் இரண்டு வருடம் கழித்து ஒரு ஃபிளெக்ஸில் வரக்கூடும். அப்போது அவளும் தனியார் பள்ளியின் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவாள்.

அவள் அம்மா என்னிடம் வந்து கேட்டார். “அண்ணா, நீங்க நாலு எடம் பாத்தவங்க. ட்ரிபுள் ஐடி கெடைக்குமான்னு காத்துக்கிட்டு இருக்கறதா, இல்ல இந்தக் காலேஜுக்கு இப்பவே சரின்னு சொல்லிடறதா? கடன் வாங்கியாவது ஒரு தடவை இவளுக்கும் காசு கட்டிப் படிக்கவச்சோம்னு இருக்கட்டும்னு அவ அப்பா சொல்றாரு.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். ஆய்வுகள் எல்லாம் ட்ரிபுள் ஐடி பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. செலவு குறைவு, அவள் உழைப்புக்கு அங்கே கணக்கும் இருக்கிறது. ஆனால் அப்பா தனக்காகக் கடன் வாங்கினார் என்பது ஒரு பெண்ணுக்குள் என்ன செய்யும் என்பதை எந்த ஆய்விலும் நான் பார்க்கவில்லை. அக்காவுக்கு யாராவது அப்படி ஒரு முறை கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது. “ரிசல்ட் வரட்டும்மா, மொதல்ல அவளையே கேளுங்க” என்று மட்டும் சொன்னேன். அது சரியான பதிலா, பதில் சொல்லாமல் ஒதுங்கிய பதிலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.