யாருக்கு அந்த அரைமணி?

ஒரு பாட்டை ஒலிக்கச் செய்வது அறம் சார்ந்த செயலா? பசித்தவனுக்குச் சோறிடுவதும் பொய்யுரையாதிருப்பதும் அறம் என்போம். மாலை ஆறு மணிக்கு எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்பதில் அறமென்ன, பிழையென்ன என்றே எவருக்கும் கேட்கத் தோன்றும். பெரிய வானொலி நிலையங்கள் இக்கேள்வியைச் சந்தையிடமோ அரசிடமோ தள்ளிவிட்டு அமைதி கொள்ளலாம். சிறிய நிலையத்திற்கு அந்த வசதி இல்லை. அதன் நேயர்கள் அனைவரும் கூப்பிடு தூரத்தில் வாழ்பவர்கள்.

தமிழகத்தில் வானொலி பிறந்ததே சிறிய நிலையமாகத்தான். 1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரையொத்த ஆர்வலர்களும் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் கண்டனர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் 40 வாட் ஆற்றலுடைய கருவியொன்றைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கினர். பழைய குண்டு விளக்கு ஒன்றுக்குச் செலவாகும் மின்திறன் அவ்வளவுதான். பண முடையால் 1927-இல் கழகம் ஒடுங்கிற்று. கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே மாலை வேளைகளில் இசை வழங்கியது. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றோர் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து கேட்டார்கள். அங்கே குமிழைத் திருகும் உரிமை யாருக்கும் இல்லை. தமக்குப் பிடித்த பாட்டுக்காகப் பிறருக்குப் பிடித்த பாட்டையும் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தபின் அந்த ஊர் வானொலி மறைந்தது.

பெரிய வானொலியில் பாட்டைத் தேர்ந்தவர்கள் யார்? 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அவற்றின் நேரம் சுருங்கியது. சில காலம் அறவே ஒலிக்கவில்லை. செவ்வியல் இசை நிறையவே வழங்கப்பட்டது. மக்களோ குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கப்பட்டது, போனவர்களைத் திரும்ப அழைக்கத்தான். (ஆர்மோனியத்தின் கதை இதனினும் சுவையானது. நம் இசையின் நெளிவுகளுக்கு அது ஒவ்வாது என்று 1940-இல் வானொலி அதைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அந்த ஆண்டுகளிலெல்லாம் நம் கோவில் பாடகர் குழுக்கள் அந்தப் பெட்டியை வைத்துத்தான் பாடின!) கேஸ்கரின் நோக்கம் தாழ்ந்ததன்று. ஆனால் பிறர் செவிக்கு எது நல்லதென்று அவர்களைக் கேளாமல் முடிவு செய்யும் அன்பு, அன்பாகவே இருந்தாலும், ஆணையாகத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் கேட்பதைக் கொடுத்துவிடலாமே என்பார்கள். ‘நேயர் விருப்பம்’ என்ற சொல்லே இனிமையானது. அதில் குடியாட்சியின் மணம் உண்டு. எனினும் விருப்பத்தை எழுதி அனுப்புகிறவர் யார்? எழுதத் தெரிந்தவர், நேரமுள்ளவர், தம் பெயர் ஒலித்தால் மகிழும் சுற்றம் உடையவர். எழுதாதவரும் நேயர்தாம். அவரது விருப்பத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? என் மனத்தில் தைத்து நிற்கும் கேள்வி இதுதான்.

சிறிய வானொலி மீண்டும் நம்மிடம் வந்திருப்பதால் இக்கேள்விக்கு உயிர் வந்துள்ளது. வான்அலைகள் பொதுமக்களின் உடைமை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி முதல் நாள், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வாயில் திறந்தது. அவ்வாண்டின் நெறிமுறைகள் இத்தகைய நிலையத்துக்கு வகுத்த ஆற்றல் 100 வாட்; அலை சென்று சேர்வது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரிலேயே உருவாக வேண்டும். அவை கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்பதும் நெறி.

உள்ளூர் மொழி! அம்பத்தூரில் அப்படியொரு கோபுரம் நிற்பதாக எண்ணிப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஆவடி அடங்கும். பூந்தமல்லி வட்டத்தின் விளிம்பில் நிற்கும். 1964-இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இதனுள்தான் இருக்கிறது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் பல மாநிலத்தவர் வந்து குடியேறி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி வேலைக்கு நடக்கும் கூட்டத்தில் ஒடியாவும் போஜ்புரியும் அசாமியும் காதில் விழுகின்றன. அச்சுக்கருவியின் முன் பத்து மணி நேரம் நின்று, ஓர் அறையில் எண்மராய்ப் படுத்துறங்கும் அந்த இளைஞர்கள் இவ்வூராரா, அல்லரா? இரவு ஒன்பதரை மணிக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்பவர், தாம் அறியாமலே இந்தக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறார்.

இவ்விடத்தில் நம் வரலாறே நம்மைப் பார்த்துப் பேசுகிறது. தமிழ்நாட்டு மேடைகளில் தெலுங்கும் வடமொழியும் கோலோச்ச, தமிழ்ப் பாடல் கச்சேரி முடியும் தறுவாயில் துக்கடாவாகத் தலைகாட்டிய காலம் ஒன்றுண்டு. அதை எதிர்த்துத்தான் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் இயக்கம் எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. தன் காதுக்கு விளங்காத மொழியிலேயே முழு மாலையும் கழியும்போது ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்றாகுமா என்று வினவலாம். தமிழர் தம் சொந்த மண்ணில் இடம் கேட்டார்கள். இவர்களோ பிழைக்க வந்தவர்கள். வேறுபாடு உண்மையே. இம்மண்ணின் வானொலியில் முதலிடம் தமிழுக்கே, அதில் ஐயமில்லை. இங்கே எழுவது கடைசி இடமாவது உண்டா என்ற கேள்வி. அப்படிக் கொடுக்கும் கடைசி இடமும் ஒரு துக்கடாதானே என்று யாரேனும் மடக்கினால், நிறைவான விடை என்னிடம் இல்லை.

இன்னொரு மறுப்பு இதனினும் வலியது. அவரவர் கையில் கைபேசி இருக்கிறது. கட்டாக்கிலும் பாட்னாவிலும் ஒலிக்கும் பாட்டெல்லாம் அதற்குள் இருக்க, வானொலி எதற்கு? ஆனால் செவிக்குள் தனியே கேட்பது வேறு. ஊரார் அறியக் கேட்பது வேறு. தெருவில் போகும்போது ஒருவர் நம் பெயரைச் சொல்லி அழைத்தால் உள்ளம் மலர்கிறதே, நம் பெயர் நமக்குத் தெரியாமலா அந்த மலர்ச்சி? கைபேசி அந்த இளைஞனுக்கு அவன் ஊரைத் தருகிறது. இந்த ஊரை அவனுக்குத் தர அதனால் ஆகாது.

இனி, விலை என்று ஒன்று உண்டு. ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரந்தான். அந்த அரைமணி யாரிடமிருந்தாவது எடுக்கப்பட வேண்டும். பகலெல்லாம் வீட்டு வேலைக்குச் சென்று வந்து, பழைய திரைப்பாடல் கேட்டுக்கொண்டே கண்ணயரும் கொரட்டூர் மூதாட்டியிடமிருந்தா? அவருக்கும் வேறு இன்பங்கள் மிகுதியாய் இல்லை. நிலையம் தன் பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ள அவருடைய அரைமணியைத் தூக்கிக் கொடுப்பது எளிது, அது நேர்மையாகாது. அவரிடம் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில், அவருக்கு விளங்கும்படி.

அறிவிப்பாளர் சொல்லலாம்: இப்போது பாடப்போகிறவர் நம் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர், பாட்டு, நாற்று நடும்போது அவர் ஊர்ப் பெண்கள் பாடுவது, முதலடியின் பொருள் இன்னது. பிறகு, பயிற்சியில்லாத ஒரு குரல், சுருதி சற்றே பிசகினாலும், ஐந்து நிமிடம் ஒலிக்கும். திருவள்ளூர்ப் பக்கம் நாற்று நட்டு வளர்ந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கையில் வானொலிப் பெட்டி இருக்கும். அதை அணைப்பதும் அணைக்காமல் விடுவதும் அவர் விருப்பம்.