தழுவும் கை

ஸ்வீடன் நாட்டில் வீடியோ விளையாட்டுகள் செய்யும் ஸ்தாபனம் ஒன்று 2019இல் ‘எம்பிரேசர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. தழுவிக்கொள்பவர் என்று பொருள். பெயருக்கேற்ப, பல தேசத்துச் சிறு ஸ்டூடியோக்களை விலைக்கு வாங்கி வாங்கியே வளர்ந்தது. 2023 மே மாதத்தில், நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் கைநழுவியது. ஆகஸ்டில், அமெரிக்காவிலிருந்த ‘வொலிஷன்’ ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். முப்பது ஆண்டு உழைப்பு அது.

இதைத் திருதராஷ்டிர ஆலிங்கனம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. அவன் தழுவலில் வஞ்சம் இருந்தது. இங்கே வஞ்சம் இல்லை. மேலும், 2013இல் பழைய முதலாளி திவாலானபோது, வேறொருவர் விலைக்கு வாங்கியதால்தான் இதே வொலிஷன் பிழைத்தது. ஆகவே, வாங்குவது பாவமன்று.

பின் குற்றம் எங்கே? பிள்ளையைத் தத்து எடுக்கிறவன், தன் குதிரில் நெல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அடுத்த அறுவடையை நம்பிப் பத்துப் பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டு, மழை பொய்த்ததும் ஒவ்வொருவராகத் தெருவில் விடுகிறவனை என்னவென்று சொல்வது? மழை பொய்த்தது அவன் குற்றமில்லைதான். ஆனால் பசித்தது அவன் வயிறு அல்லவே! பிறருடைய சோற்றைப் பணயம் வைத்து ஆடுவது, நல்லெண்ணத்தோடு ஆடினாலும், சூதுதான் என்பேன்.