கட்டினவனே அவிழ்க்கட்டும்

 

தியானப் பகுதி: லேவியராகமம் 17:13

வேட்டைக்காரனுக்கென்றே வேதத்தில் ஒரு கட்டளை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? லேவியராகமத்தை நாம் வேகவேகமாகப் புரட்டிக்கொண்டு போய்விடுகிறபடியால் இது பலருடைய கண்ணில் படுவதில்லை. புசிக்கத்தக்க மிருகத்தையோ பறவையையோ ஒருவன் வேட்டையாடினால், அதின் இரத்தத்தைத் தரையிலே ஊற்றி, மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். இஸ்ரவேலனுக்கும் இதே சட்டம்தான், அவர்கள் நடுவே தங்குகிற அந்நியனுக்கும் இதே சட்டம்தான்.

உயிர் தேவனுடையது என்பது இதன் முதல் பாடம். அதற்குள்ளே இன்னொரு பாடமும் உண்டு. "வந்தோம், அடித்தோம், தூக்கிக்கொண்டு போனோம்" என்று வேட்டைக்காரன் நடையைக் கட்டக் கூடாது. குனிந்து, ஒரு கை மண் அள்ளிப் போட்டு, கடைசி வேலையையும் முடித்துவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டுப் போகவேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறதினால் அமெரிக்க தேசத்துக் காடுகளிலே நடக்கிற ஒரு காரியத்தை இந்த மாதம் தியானிப்போம்.

1. அடையாளம் வைப்பது குற்றமல்ல

அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு நாடாவைக் கொண்டுபோவார்கள். பசை இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன். ஆரஞ்சு, ரோஸ், நீலம் என்று கண்ணைப் பறிக்கிற நிறங்களில் சுருள் சுருளாகக் கிடைக்கும். எதற்கு? பல மாநிலங்களிலே சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே சுட அனுமதி ஆரம்பமாகிவிடும். ஆகவே வேட்டைக்காரன் கும்மிருட்டிலே காட்டுக்குள் நடந்து, மரத்திலே கட்டிவைத்த பரணுக்குப் போய்ச் சேர வேண்டும். வழி தப்பாதபடிக்குக் கிளைக்குக் கிளை ரிப்பன் கட்டி வைக்கிறான்.

அடிபட்ட மான் ஓடிவிட்டாலும் இதே ரிப்பன்தான் உதவும். இரத்தத் துளி கண்ட இடத்திலெல்லாம் ஒரு துண்டு கட்டிக்கொண்டே போவான். நடுவிலே தடம் அற்றுப்போனால் திரும்பிப் பார்ப்பான். கட்டின ரிப்பன்கள் வரிசையாய் நின்று, மான் எந்தத் திசையிலே ஓடியிருக்கும் என்று காட்டிக்கொடுக்கும். அடிபட்ட ஜீவன் புதருக்குள்ளே கிடந்து வீணாய்ச் சாகாமல் கண்டுபிடிக்கிறதற்கு இது நல்ல வழி.

ஆகவே அடையாளம் வைப்பதைக் குறை சொல்லாதிருங்கள். சிறையிருப்புக்குப் போன ஜனத்துக்கும் திரும்பி வரும் வழிக்கு அடையாளங்களை நிறுத்திக்கொள்ளும்படி கர்த்தர் சொன்னாரே (எரேமியா 31:21). ராகாபின் ஜன்னலிலே கட்டின சிவப்பு நூல் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிற்று (யோசுவா 2). கட்டுகிறதிலே தப்பில்லை. காரியம் முடிந்தபிறகும் அவிழ்க்காமல் விட்டுப் போகிறதிலேதான் தப்பு.

2. அவிழ்க்காத ரிப்பன் செய்கிற கேடு

"என்னய்யா இது, ஒரு முழம் ரிப்பன்தானே!" என்று நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள்.

முதலாவது, அது பின்னால் வருகிறவனை ஏமாற்றும். இந்த வருஷம் கட்டினதும் போன வருஷம் கட்டினதும் அருகருகே தொங்கினால், இருட்டிலே விளக்கு வெளிச்சத்தில் வருகிறவனுக்கு எது தன்னுடையது என்று தெரியுமா? யாரோ கட்டின பழைய ரிப்பனைப் பிடித்துக்கொண்டே போனால் அந்நியனுடைய பரணுக்குக் கீழே போய் நிற்பான். மேலே ஒருவன் துப்பாக்கியோடு காத்திருக்கிறான்! எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

இரண்டாவது, அது மற்றவர்களுடைய வேலையைக் குழப்பும். வெட்டவேண்டிய மரங்களின் எல்லையைக் குறிக்க வனத்துறை ஊழியர்களும், நிலம் அளக்கிறவர்களும், ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதே மாதிரி ரிப்பனைத்தான் உபயோகிக்கிறார்கள். வேட்டைக்காரன் விட்டுப்போனது இதோடு கலந்துபோனால் யார் பிரித்தறிவது?

மூன்றாவது, அது மக்கிப்போவதில்லை. வெயிலிலே நிறம் வெளுத்து, நொறுநொறுவென்று உடைந்து, துண்டு துண்டாய்த் தரையிலே உதிருகிறது. கட்டினவன் மறந்து எத்தனையோ காலம் ஆனபிறகும் அது அங்கேயே கிடக்கிறது.

3. இந்த நிலம் யாருடையது?

இது தனியாருடைய தோட்டமாய் இருந்தால் சொந்தக்காரன் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அமெரிக்காவிலே தேசிய வனங்களும் புல்வெளிகளும் மாத்திரம் ஏறக்குறைய 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். அவை ஜனங்கள் எல்லாருக்கும் பொது. அந்தந்த மாநிலத்தின் விதிகளுக்கு உட்பட்டு அவற்றின் பெரும்பகுதியிலே யாரும் வேட்டையாடலாம். இவை தவிர மாநிலங்கள் நடத்துகிற வேட்டை நிலங்களும் உண்டு. 1937-ல் கொண்டுவரப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலித்து, அந்தப் பணத்தை வனவிலங்குகளின் பராமரிப்புக்காக மாநிலங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே எல்லா வேட்டைக்காரருடைய காசும் அதற்குள்ளே இருக்கிறது. "எனக்கும் பங்கு உண்டு" என்று ஒவ்வொருவனும் சொல்லலாம். "எனக்குத்தான்" என்று ஒருவனும் சொல்ல முடியாது.

வருஷக்கணக்காய்த் தொங்குகிற ரிப்பனோ, வாய் திறவாமலே "இது என் இடம்" என்று பேசுகிறது. பார்க்கிற அடுத்தவனுக்கு எரிச்சல் வருகிறது, காட்டிலே சண்டை மூளுகிறது. யோசுவா யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தினது கர்த்தர் சொல்லி. பிள்ளைகள் கேட்டால் கர்த்தர் செய்ததைச் சொல்வதற்காக. அப்சலோமோ ராஜாவின் பள்ளத்தாக்கிலே தனக்கென்று ஒரு தூணை நிறுத்தி, அதற்குத் தன் பேரையே வைத்தான் (2 சாமுவேல் 18:18). இரண்டும் கல்தான். ஒன்று வருகிற தலைமுறைக்கு, மற்றது சொந்தப் பேருக்கு. பொது இடத்திலே நாம் விட்டுப்போகிறது இந்த இரண்டில் எது?

4. பார்க்க ஆள் இல்லாத இடம்

ஆல்டோ லியோபோல்ட் என்பவர் வனத்துறையில் வேலை செய்தவர், பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், தாமே வேட்டைக்காரர். 1948-ல் அக்கம்பக்கத்து நிலத்திலே பற்றின தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் மரித்தார். மறுவருஷம் வெளிவந்த அவருடைய புத்தகத்திலே முக்கியமான ஒரு கருத்து உண்டு. மற்ற விளையாட்டுகளுக்குக் கூட்டம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார். காட்டுக்குள்ளே போன வேட்டைக்காரனைப் பாராட்டவோ கண்டிக்கவோ ஆள் இல்லை. அவன் நடத்தைக்கு அவனுடைய மனச்சாட்சிதான் காவல்.

ஆனால் தேவபிள்ளையே, நமக்கு அதற்கும் மேலே ஒன்று தெரியும். உபாகமம் 23:12-14 வாசித்துப் பாருங்கள். பாளயத்துக்கு வெளியே போகிறவன் ஒரு சிறு கோலை எடுத்துப்போய், மண்ணைத் தோண்டித் தன் கழிவை மூடவேண்டுமாம். ஏன்? கர்த்தர் பாளயத்தின் நடுவே உலாவுகிறார்! ஆள் இல்லாத இடம் என்று நாம் நினைக்கிற இடத்திலே அவர் நடந்துகொண்டிருக்கிறார். அல்லேலூயா!

5. என்ன செய்யலாம்?

நல்ல வேட்டைக்காரர்கள் கைக்கொள்கிற வழிகள் சுலபமானவை. போகும்போது பத்து கட்டினால், வரும்போது எண்ணிப் பத்தையும் சட்டைப்பையிலே போட்டுக்கொள்வது. இழுத்தால் அவிழுகிற மாதிரி முடிச்சுப் போடுவது. ரிப்பனுக்குப் பதிலாக, துணி மாட்டுகிற கிளிப்பிலே ஒளிரும் பட்டை ஒட்டி மாட்டிவிட்டு, திரும்பும்போது கழற்றிக்கொள்வது. கைப்பேசி வரைபடத்திலே வழியைக் குறித்துக்கொள்வது. மரநாரிலே செய்த மக்கும் நாடாவும் விற்கிறார்கள். ஆனாலும் அது மறுநாளே மறைகிற வஸ்து அல்ல, அதையும் அவிழ்ப்பதே நல்லது.

அடுத்தவன் விட்டுப்போன ரிப்பனைக் கண்டால்? கோபத்திலே எல்லாவற்றையும் பிய்த்துப்போடுகிறவர்களும் உண்டு. அது இந்த நிமிஷம் அடிபட்ட மானைத் தேடுகிறவன் கட்டினதாயிருக்கலாம், வனத்துறையின் எல்லைக் குறியாயும் இருக்கலாம். களையைப் பிடுங்கத் துடித்த வேலைக்காரரை எஜமான் அறுப்புமட்டும் பொறுத்திருக்கச் சொன்னார் (மத்தேயு 13). வேட்டைக் காலம் முடியட்டும். சந்தேகமானால் வன அலுவலகத்திலே கேட்கட்டும். வெளுத்து நொறுங்கிப்போன பழசு என்று நிச்சயமாய்த் தெரிந்தால், முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டு வரட்டும். தான் கட்டாததையும் அவிழ்க்கிறவன் பாக்கியவான் என்பேன்.

நம் காரியம் என்ன?

பிரியமானவர்களே, நாம் துப்பாக்கி எடுத்துக் காட்டுக்குப் போகிறவர்கள் அல்ல. ஆனாலும் நாம் கட்டின ரிப்பன்கள் எங்கே தொங்குகின்றன? கூட்டம் முடிந்து மாதங்கள் ஆகியும் பொதுச் சுவரிலே கிழிந்து தொங்குகிற நம்முடைய நோட்டீஸைப் பார்த்து ஊரார் ஆண்டவரைத் துதிப்பார்களா? அதைவிட மோசமான ரிப்பன் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னே ஒரு வாலிபன் தடுக்கி விழுந்தான். "அவன் அப்படிப்பட்டவன்" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கட்டினோம். அவன் மனந்திரும்பி, குணப்பட்டு, பிள்ளை குட்டிகளோடு ஆலயத்துக்கு வருகிறான். நாம் கட்டினது மட்டும் இன்னும் தொங்குகிறது; புதிதாய் வருகிறவர்களுக்குத் தப்பான வழியைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வேறே யார் வந்து அதை அவிழ்ப்பார்கள்? கட்டினவர்தான் போய் அவிழ்க்க வேண்டும். இந்த வாரமே போங்கள்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நம் ஆண்டவர், புல்வெளியிலே துணிக்கைகளைக்கூட விட்டுவிடாமல் சேர்க்கச் சொன்னார் (யோவான் 6). அற்புதம் செய்தவருக்கே மிச்சத்தைப் பொறுக்குகிற வேலை அற்பமாய்த் தெரியவில்லை. நமக்கு மாத்திரம் ஏன் தெரியவேண்டும்?

ஜெபிப்போம்: அன்புள்ள பரம பிதாவே, பூமியும் அதின் நிறைவும் உம்முடையது. எல்லாருக்கும் பொதுவாய்த் தந்ததை எங்களுடையது என்று பிடித்துவைக்காதபடி எங்களைக் காத்தருளும். ஒருவரும் பாராத இடத்திலும் எங்கள் கடைசி வேலையை முடிக்க உண்மையுள்ள இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.