கைங்கர்யத் திரவியமும் கணக்கும்

ததீயாராதனத்திற்கும் திருப்பணிக்கும் பொருள் வேண்டி விண்ணப்பம் வந்தால், கணக்குக் கேட்பது பாகவத அபசாரமாகுமோ என்று அடியார்கள் பலர் தயங்குகின்றனர். நாம் வசிக்கும் ஆரணியில் பட்டுப்புடவை வாங்குவோர் ஓரிழையை உருவிக் கொளுத்தி, மயிர் கருகும் நாற்றம் எழுகிறதா என்று பார்ப்பதுண்டு; நல்ல பட்டு நெய்தவர் அதற்கு மனம் நோவதில்லை. கீதையின் 17-ஆம் அத்தியாயமும் ஸாத்விக தானத்திற்குத் தேசம், காலம், பாத்திரம் மூன்றையும் நோக்கச் சொல்கிறது. அன்றியும், நம் கையிலுள்ள பொருள் எம்பெருமானுடையது. ஸ்வாமியின் சொத்தை விசாரியாமல் வழங்கச் சேஷனுக்கு ஏது உரிமை? (வங்கியில் பிறர் பணத்தைக் காத்தே மூப்படைந்த நமக்கு இது எளிதில் விளங்குகிறது.)

அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற அடியார்கள் ஒன்றைக் குறிப்பாக அறிய வேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடையை இந்திய அறக்கட்டளைகள் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற இயலும். தனியொருவரின் சேமிப்புக் கணக்கு எண் வந்தால், அனுப்பியவர் எத்துணைப் பெரியவராயினும், பணம் அனுப்பலாகாது. பதிவுச் சான்றையும் தணிக்கை அறிக்கையையும் பணிவோடு கேட்கலாம்.

பதிவேதுமின்றிச் சிற்றூர்ச் சந்நிதியில் விளக்கேற்றி வரும் அர்ச்சகரிடம் தணிக்கை அறிக்கை தேடுவது பேதைமை. ஊருக்கு வரும்போது நேரில் சேவித்து, விளக்குக்கு எண்ணெயும் தளிகைக்கு அரிசியுமாகவே சமர்ப்பிக்கலாம்.