கண் என்னும் அமானிதம்

 



மனிதனுக்கு இரு கண்களைக் கொடுத்திருப்பதை அல்லாஹ் ‘அல்பலத்’ அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று ‘பனீ இஸ்ராயீல்’ அத்தியாயத்தில் எச்சரிக்கிறான். இந்த எச்சரிக்கையைக் கேட்டதும், ஹராமானதைப் பார்க்கக் கூடாது என்ற ஒரே பொருளோடு நாம் நின்று விடுகிறோம். அது சரியான பொருள்தான். ஆனால் அவ்வளவோடு கடமை தீர்ந்து விடுவதில்லை.

ஒருவர் தம் நகையை நம்மிடம் அமானிதமாகக் கொடுத்து வைக்கிறார். அதை நாம் விற்றுத் தின்னவில்லை. ஆனால் கவனமின்றித் திண்ணையில் போட்டு வைத்தோம். களவு போய் விட்டது. அப்பொழுது நாம் பொறுப்பாளியா, இல்லையா? அலட்சியத்தால் அழிந்த அமானிதத்திற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றுதான் நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கண்ணும் அப்படிப்பட்ட அமானிதமே. அதைப் பாவத்தில் செலவிடாமல் இருப்பது ஒரு கடமை. அலட்சியத்தால் அழிய விடாமல் இருப்பது மற்றொரு கடமை.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, உமது உடலுக்கும் உம்மீது உரிமையுண்டு, உமது கண்ணுக்கும் உம்மீது உரிமையுண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறினார்கள். வணக்கத்தின் பெயராலும் கண்ணின் உரிமையைப் பறிக்க அனுமதியில்லை என்றால், சோம்பலினாலும் வெட்கத்தினாலும் பறிப்பதை என்னவென்று சொல்வது?

குழந்தைகளின் கண்

பால்குடிப் பிள்ளைக்குக் கண் பீளை கட்டினால் தாய்ப்பாலைப் பீய்ச்சி விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும், விளக்கெண்ணெய் ஊற்றுவதும் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. சுத்தமில்லாத எந்தத் திரவமும் கருவிழியில் புண்ணை உண்டாக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். அன்பினால் செய்தோம் என்பது போன கண்ணைத் திருப்பித் தராது.

சுருமா இடுவது நபிவழி. ‘இத்மித்’ என்னும் அஞ்சனக் கல்லை நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியுள்ளார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று சுருமா என்ற பெயரில் கடைகளில் விற்கும் பல பொடிகளில் ஈயம் கலந்திருப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தையின் இரத்தத்தையும் மூளையையும் கெடுக்கும். இன்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாததைக் குழந்தையின் கண்ணில் இடாதீர்கள். பெரியவர்களும் ஒரே சுருமாக் கோலை வீடு முழுவதும் மாற்றி மாற்றி இட்டுக் கொள்ள வேண்டாம். ஒருவர் கண்ணிலுள்ள நோய் எல்லோருக்கும் பரவும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பது வெறும் மூட நம்பிக்கை. மாறுகண் உள்ள பிள்ளையின் மூளை நாளடைவில் அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே விட்டு விடும். ஏழெட்டு வயதுக்குள் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். பிந்தினால் மீட்பது மிகக் கடினம். குழந்தையின் கண்மணி கருமையாகத் தெரியாமல் வெண்மையாகப் பளிச்சிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தான கட்டியாகவும் இருக்கலாம்.

அந்தி சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறி நடந்தால் அது மாலைக்கண். முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை மஞ்சள் கரு, ஈரல் இவையே அதற்கான காவல். 9 மாதம் முதல் 5 வயது வரை 6 மாதத்திற்கு ஒரு முறை அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தையும் தவற விடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு பிள்ளையின் கையில் எட்டாமல் இருக்கட்டும். கண்ணில் பட்டு விட்டால் உடனே சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

செல்போனைக் குறைத்து, பிள்ளைகளை நாள்தோறும் வெளிச்சத்தில் ஓடியாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதை அது தள்ளிப் போடும்.

பெண் பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்று டாக்டர் சொன்னால், “கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் மாப்பிள்ளை தருவார்?” என்று மறைத்து விடுகிறார்கள். கரும்பலகை தெரியாமல் அவள் படிப்பில் பின்தங்குகிறாள். மந்தம் என்ற பெயரும் கிடைக்கிறது. பிறகு அதையே மறைத்துச் சம்பந்தமும் பேசுகிறோம். முதலில் பிள்ளைக்கு அநீதி, பிறகு மணமகன் வீட்டாருக்கு மோசடி. இது நமக்குத் தகுமா?

மருத்துவம் தவக்குலுக்கு விரோதமா?

“அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக் கொண்டான், வயதாகி விட்டது” என்று சொல்லி இருளில் அமர்ந்து விடும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் பலர். மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் வந்துள்ளது. முதுமைக்குத்தான் மருந்தில்லையே என்று இதையே ஆதாரமாக்குவோரும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு. நரைத்த முடியை மீண்டும் கறுப்பாக முளைக்கச் செய்ய முடியாது. கண்புரை அப்படியல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவதே புரை. மங்கிய வில்லையை எடுத்து விட்டுச் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். இம்முறை 1949-ல் இலண்டனில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் செலவின்றிச் செய்யப்படுகிறது. முற்றட்டும் என்று காத்திருந்த காலம் போய் விட்டது. முற்ற விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி வலியும் கேடும் வரலாம்.

இது நமக்கு அந்நியமான கலையுமன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற முஸ்லிம் கண் மருத்துவர், உட்குழிவான ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். பக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய கண் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் ஓதப்பட்டது. பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்பதைச் சோதனைகளால் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னு ஹைஸம். தவக்குல் அவர்களுக்கும் இருந்தது.

1819-ல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்தது. கதவு திறந்திருக்கிறது, போகத்தான் நாம் தயங்குகிறோம்.

தொழுகையும் நோன்பும்

“ஆபரேஷன் செய்தால் முகம் கழுவக் கூடாது, குனியக் கூடாது என்பார்கள். தொழுகை என்ன ஆவது?” பெத்தும்மாக்கள் கேட்கும் இக்கேள்வி ஈமானிலிருந்து பிறக்கிறது. அதை நாம் எள்ளவில்லை, விடை சொல்கிறோம். நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கூறினார்கள். கண் நோய் உள்ளவரிடம், மல்லாந்து படுத்துத் தொழுதால் குணமாகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், நிற்க முடிந்தவராயினும் படுத்துத் தொழலாம் என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சரியான சொல்லாகக் கொண்டார்கள். டாக்டர் சொல்லும் சில நாட்களுக்கு ருகூஃவையும் சுஜூதையும் சைக்கினையால் செய்வதில் குற்றமில்லை. தண்ணீர் படக் கூடாத இடத்திற்குத் தயம்மும் இருக்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். மார்க்கம் திறந்து வைத்த வாசலை நாமே அடைக்க வேண்டாம்.

ரமளானில் மற்றொரு தவறு நடக்கிறது. கண் அழுத்த நோய்க்காகத் தினமும் சொட்டு மருந்து விடுகிறவர்கள், நோன்பு முறிந்து விடும் என்று பயந்து மாதம் முழுவதும் நிறுத்தி விடுகிறார்கள். இந்நோய் வலியின்றிக் கண் நரம்பைத் தின்னும். தின்ற நரம்பு திரும்பாது. கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் தீர்ப்பு. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காத வரை முறியாது என்றே முடிவு செய்தது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக் கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும்.

நீரிழிவுக்காரர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்துக் கொள்ள வேண்டும். நாற்பதைக் கடந்து குர்ஆனை எட்டப் பிடித்து ஓதுகிறவர்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து; ஒரு கண்ணாடி போதும். கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டு வரும். ஐவேளை ஒளுவில் முகம் கழுவுவது கண்ணுக்குக் காவல். ஆனால் பள்ளியின் ஹவுளருகே தொங்கும் ஒரே துண்டில் எல்லோரும் முகம் துடைத்தால் அந்தக் காவல் வீணாகி விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பார்வை போய் விட்டால்? பொறுமையோடு இருந்தவருக்குச் சொர்க்கம் உண்டு என்ற நன்மாராயம் ஹதீஸில் இருக்கிறது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் முஅத்தினாக்கினார்கள். பலமுறை மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். பார்வையற்றவரை மூலையில் உட்கார வைப்பது நபிவழியன்று. ஆனால் பொறுமையின் கூலி, முயன்றும் கிடைக்காதபோது காக்கும் பொறுமைக்குத்தானே அன்றி, முயலாமல் இருந்த சோம்பலுக்கு அன்று.

இவ்வாரமே உங்கள் வாப்பாவையும் உம்மாவையும் அருகில் அமர்த்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி மறு கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்யுங்கள். தடுமாறினால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வையை ஹராமிலிருந்து காப்பாயாக! அதை அலட்சியத்தால் இழந்தவர்களாக எங்களை ஆக்கி விடாதே! ஆயுள் உள்ளவரை உன் வேதத்தை எங்கள் கண்ணால் பார்த்து ஓதும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக! ஆமீன்.